கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை

முதலில் கவனித்தது என் மகள்தான். "அம்மா, ஏன் எப்பவும் வலது பக்கமே பாக்குறீங்க?" என்று கேட்டாள். அப்போது எனக்கு வயது 43. கணினி முன் உட்கார்ந்தால் தலை தானாக வலப்புறம் திரும்பும். நேராக்கினால் மறுபடியும் இழுக்கும்.

தலையணை சரியில்லை என்றார் கணவர். சுளுக்கு என்று நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டார் அம்மா. வலி மாத்திரையிலேயே ஓராண்டு போனது. ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருந்தவர், நான் முறைப்பதாக நினைத்து எழுந்துபோனார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாளே பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினார்கள்.

"கன்னத்தில் விரல் வைத்தால் தலை நேராகிறதா?" என்று அவர் கேட்டதும் திகைத்துப்போனேன். யாருக்கும் தெரியாமல் நான் செய்துவந்த தந்திரம் அது! இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாம்.

நோயின் பெயர் 'செர்விக்கல் டிஸ்டோனியா'. கோளாறு கழுத்துத் தசையில் இல்லை. அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் தவறான கட்டளை அனுப்புவதால் தசைகள் நம் விருப்பமின்றி இறுகுகின்றன. சிலருக்குத் தலை திரும்பும். சிலருக்குத் தோள்பக்கம் சாயும், முன்னோ பின்னோ வளையும், நடுங்கும். பெரும்பாலும் நடுத்தர வயதில் தொடங்கும். பெண்களிடம் அதிகம். பலருக்குக் காரணம் தெரிவதில்லை. சிலருக்கு மரபணு, சிலருக்குச் சில மருந்துகளின் பக்கவிளைவு. மன அழுத்தம் இதைக் கூட்டும். ஆனால் இது மனநோய் அன்று.

முழுமையாகக் குணப்படுத்த வழியில்லை, கட்டுப்படுத்தலாம். இறுகும் தசைகளில் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள். ஓரிரு வாரங்களில் தசை தளரும், பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். பிறகு மீண்டும் ஊசி. முதல் முறை சில நாள் சோறு விழுங்கச் சிரமமாக இருந்தது. மருத்துவரிடம் சொன்னதும் அடுத்த முறை அளவைக் குறைத்தார். கூடவே உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. ஊசி பலிக்காத சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

சாதாரணச் சுளுக்கு சில நாளில் விலகிவிடும். வாரக்கணக்கில் தலை ஒரே பக்கம் இழுத்தால், யாரையும் கழுத்தை முறுக்கி நெட்டி எடுக்க விடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ கை கால் பலவீனமோ சேர்ந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

அம்மா இப்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதில்லை. நாள்காட்டியைப் பார்த்து, "ஊசி போடுற தேதி வந்துருச்சாம்மா?" என்று கேட்கிறார்.