எதிரொலி ஆழமானியும் படகில் அதற்குரிய இடமும்

கடலின் ஆழத்தை அறிய முற்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கினர். இன்று அவ்வேலையை ஒலி செய்கிறது. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக் சமுத்திரத்தை ஆராய்ந்த ‘மெட்டேயோர்’ என்னும் ஜெர்மானியக் கப்பல், எதிரொலியைக் கொண்டே பல்லாயிரம் இடங்களில் ஆழத்தை அளந்தது. பெருங்கப்பல்களில் தொடங்கிய அம்முறை இப்பொழுது மீன்பிடி படகுகளிலும் வழங்குகிறது. ஆயினும், எவ்வளவு சிறந்த கருவியும் தகாத இடத்தில் பொருத்தப்பட்டால் பயன் தராது.

ஆழமானியின் முக்கிய உறுப்பு டிரான்ஸ்டியூசர் எனப்படும் ஒலியுணர்வி. இது படகின் அடியிலிருந்து ஒலித் துடிப்புகளைக் கடலடியை நோக்கிச் செலுத்தி, மீண்டு வரும் எதிரொலியை ஏற்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எனவே, எதிரொலி 0.04 வினாடியில் திரும்பினால், ஒலி சென்று மீண்ட தூரம் 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர் ஆகும்.

இவ்வொலிக்குப் பெரும்பகை காற்று. நீரிலுள்ள காற்றுக் குமிழிகள் ஒலியைச் சிதறடித்துத் தடுத்துவிடும். அலைகளில் ஏறி இறங்கும் அணியத்தின் அருகே ஒலியுணர்வி சில வேளை நீருக்கு மேலேயே வந்துவிடக்கூடும். படகின் பின்பகுதியிலோ, உந்து விசிறியின் குமிழியும் இரைச்சலும் மிகுதி. ஆகையால் மெதுவாகச் செல்லும் மரப்படகுகளில், அணியத்திலிருந்து படகு நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட பகுதியே பொதுவாக ஏற்றது. 9 மீட்டர் படகில் இது 3 மீட்டர் முதல் 4.5 மீட்டர் வரையாகும்.

அவ்விடத்திலும் ஒலியுணர்விக்கு முன்னால் நீர்த்துளை, ஆணித்தலை முதலிய புடைப்புகள் இருத்தல் கூடாது. அவை நீரோட்டத்தைக் கலைத்துக் குமிழிகளை உண்டாக்கும். ஏராக் கட்டை ஒலியின் பாதையை மறைக்காதவாறு விலகியிருத்தல் வேண்டும். அடிப்பலகை சாய்வாக இருந்தால், செதுக்கிய மரக்கட்டையைச் சேர்த்து, ஒலியுணர்வியின் முகம் நேர்கீழே நோக்குமாறு அமைக்க வேண்டும். மரம் ஒலியை மிகவும் தணிப்பதால், மரப்படகில் துளையிட்டே இதனைப் பொருத்துவர். இணைப்புக் கம்பியை மின்னாக்கி, வானொலிக் கருவி ஆகியவற்றின் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டு செல்வது நலம்.

அளவைப் படிப்பதிலும் கவனம் தேவை. திருத்தம் செய்யப்படாத கருவி, ஒலியுணர்வியின் முகத்திற்குக் கீழுள்ள ஆழத்தையே காட்டும். ஒலியுணர்வி நீர்மட்டத்திற்கு 0.6 மீட்டர் கீழேயும், ஏராவின் அடிவிளிம்பு 1 மீட்டர் கீழேயும் இருப்பதாகக் கொள்க. கருவி 1 மீட்டர் எனக் காட்டினால், ஏராவின் கீழ் எஞ்சுவது 0.6 மீட்டரே. முகத்துவாரத்து மணல்திட்டைக் கடக்கும் படகு தரைதட்டுவதும் தப்புவதும் இச்சிறு வேறுபாட்டைப் பொறுத்திருக்கலாம்.

ஒருமுறை இட்ட துளையை மாற்றுவது எளிதன்று. ஆதலால் படகைக் கரையேற்றியுள்ள சமயத்திலேயே அதன் அடிப்பாகத்தை நன்கு ஆராய்ந்து இடத்தை முடிவு செய்தல் வேண்டும். பொருத்திய பின், யந்திரத்தை நிறுத்தியும் பல வேகங்களில் செலுத்தியும் சோதித்து, கருவி காட்டும் அளவைப் பழைய ஈயக்குண்டுக் கயிற்றின் அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.