டிவியை ஆஃப் பண்ணியாச்சு... மீட்டர் நின்னுச்சா?

கிருஷ்ணன்கோவிலில் இரவு 11 மணி. மதுரை – ராஜபாளையம் சாலையில் சத்தம் குறைந்துவிட்டது. ரிமோட்டை அழுத்தி டிவியை நிறுத்திவிட்டு எல்லோரும் படுத்தாச்சு. இப்போது செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். இன்னமும் சூடாக இருக்கும். அந்தச் சூடும் கரண்ட் பில்லில்தான் வரும்.

சிவப்பு விளக்குதான் காரணமா?

இல்லை. ரிமோட்டில் நிறுத்திய பிறகும் கருவி இழுக்கும் மின்சாரத்தை 'ஸ்டாண்ட்பை' என்கிறார்கள். இதை 1 வாட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி 1999-லேயே சர்வதேச எரிசக்தி முகமை குரல் கொடுத்தது. இன்றைய எல்இடி டிவிகள் பலவும் அரை வாட்டுக்கு இறங்கிவிட்டன. செட்டாப் பாக்ஸ் கதை வேறு. ரிமோட்டில் அணைத்தாலும் சிக்னல் வாங்குவது, அப்டேட் எடுப்பது என்று பல பாக்ஸ்கள் உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு போகும்?

10 வாட் எடுக்கும் பாக்ஸ், பார்க்காத 18 மணி நேரமும் ஓடினால், 60 நாளில் 10.8 யூனிட். 5 வாட் இழுக்கும் பழைய ஹோம் தியேட்டருக்கு 5.4 யூனிட். டிவிக்கு அரை யூனிட். மொத்தம் சுமார் 17 யூனிட்.

17 யூனிட்தானே?

உங்கள் வீடு 490 யூனிட்டில் நிற்கிறது என்றால், இந்த 17 சேர்ந்து 507 ஆகிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை போய்விடும். 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு அதிகம். ஆக, யாரும் பார்க்காத நேரத்துக்கு மட்டும் 300 ரூபாய்க்கு மேல் கூடும்.

வீட்டிலேயே சோதிக்கலாமா?

ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செட்டாப் பாக்ஸை மட்டும் ஸ்டாண்ட்பையில் விடுங்கள். மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், 10 வாட்டுக்கு மணிக்கு 32 முறை, அதாவது கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டும். இதைவிட வேகமாகச் சிமிட்டினால், பாக்ஸ் இன்னும் அதிகமாக இழுக்கிறது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்?

டிவி, பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, படுக்கப் போகும்போது அந்த ஒரு சுவிட்சை அணைத்தால் போதும். ஸ்மார்ட் டிவி என்றால் செட்டிங்ஸில் 'க்விக் ஸ்டார்ட்' வசதியையும் ஆஃப் பண்ணிவிடுங்கள். காலையில் பாக்ஸ் ஆன் ஆக ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் காபி போட்டுவிடலாம்.