கோப்பிக்கடைக்காரரின் பெயர்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்பிறப்பாய்வைத் தூய சொல், திரிந்த சொல் எனப் பாகுபடுத்தும் முயற்சியாகவே பலர் கொள்கின்றனர். சொல்லொன்று யாருடைய நாவில், எத்தகைய வாழ்க்கையினூடாக உருப்பெற்றது என்பதே அடிப்படை வினா. அரபு நகரங்களில் கோப்பிக்கடைக்காரரைக் குறிக்கும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல்லின் முற்பகுதியான ‘கஹ்வா’ (கோப்பி) அரபு. பிற்பகுதியான ‘ஜி’ துருக்கியம். இவ்வொட்டு மிகப் பழையது. மொங்கோலியாவின் ஒர்கொன் பள்ளத்தாக்கிலுள்ள குல் தெகின் கல்வெட்டில் (கி.பி. 732) அலங்கார வேலை செய்யும் கலைஞர் ‘பெதிஸ்ச்சி’ எனப்படுகின்றார். மனிதரை அவர்தம் உழைப்பாற் பெயரிடுவதே இவ்வொட்டின் பணி. 1516இல் டமஸ்கஸும் 1517இல் கெய்ரோவும் 1534இல் பக்தாத்தும் உதுமானியர் ஆட்சிக்குட்பட்டன. படையும் நிர்வாகமும் சந்தையும் இரு மொழியினரையும் ஒன்றுகூட்டிய அச்சூழலிலேயே துருக்கிய ஒட்டு அரபுப் பேச்சில் வேரூன்றியது.

எழுத்தில் ஒன்றாகிய இச்சொல் பேச்சிற் பலவாகும். அடிநாவிற் பிறக்கும் ‘காஃப்’ கெய்ரோவிலும் டமஸ்கஸிலும் குரல்வளை அடைப்பாகக் குறுகுவதால் ‘அஹ்வா’ எனக் கேட்கிறது. மேல் எகிப்தில் அது ‘தங்கம்’ என்பதன் ககரத்தையும், மத்திய பலஸ்தீனக் கிராமங்களில் ‘பக்கம்’ என்பதன் ககரத்தையும் ஒக்கும். ஒட்டும் வேறுபடும்: டமஸ்கஸில் ‘ஜி’, கெய்ரோவில் அந்த ஜகரம் ‘தங்கம்’ என்பதன் ககரமாகும், பக்தாத்தில் பழந்துருக்கியத்திற் போன்று ‘ச்சி’.

இவ்வேறுபாடுகள் நிலவியலால் மட்டும் எழுந்தவையல்ல. ஹைம் பிளாங்க் 1964இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவதுபோல, பக்தாத்தின் யூதரும் கிறிஸ்தவரும் பழைய காஃபைப் பேண, முஸ்லிம்கள் நாடோடிக் குடிகளின் ஒலிப்பைக் கொண்டிருந்தனர். ஒரே நகரின் அயலவர்களை மெய்யொலியொன்று வேறுபடுத்திற்று. குடியேற்றத்தின் வரலாறு இங்கு ஒலியாக எஞ்சியுள்ளது.

11ஆம் நூற்றாண்டில் துருக்கியச் சொற்களுக்கு அரபு மொழியில் அகராதி செய்த மஹ்மூத் அல்-கஷ்காரி, நகரமாந்தரோடு கலந்து இருமொழி பேசுவோரின் துருக்கியத்தைத் தூய்மையற்றதெனக் கருதினார். அவர் அரச குலத்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எழுத்து வழக்கு அரபும் பரிசாரகருக்கு ‘நாதில்’ என்னும் தூய சொல்லை வைத்திருக்கிறது. ஆயினும், கடைத்தெருவில் மக்கள் படைத்த கலப்புச் சொல் நிலைபெற்றுள்ளது. அதனைத் திரிபென ஒதுக்குவோர், அதனைப் படைத்த உழைக்கும் மக்களின் வரலாற்றையும் ஒதுக்குகின்றனர்.