ஸ்லீப்பியா... ட்ரௌஸியா?

மதியம் மூன்று மணி. தயிர் சாதம் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. என் தலை கீ-போர்டை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால் மேனேஜர் குரல்!

"என்னய்யா பண்றே?"

பதறி எழுந்தவன், "ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப், சார்!" என்று உளறி வைத்தேன்.

"தூங்கினாக்கூட மன்னிச்சுடுவேன். இங்கிலீஷைக் கொல்லாதே! 'ஐ ஆம் ஃபீலிங் ஸ்லீப்பி'ன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூக்கம் நமக்கு 'வரும்', தமிழில். இங்கிலீஷ்காரனுக்கு அது வருவதில்லை. அவனே ஸ்லீப்பி ஆகிவிடுகிறான்! அன்று ராத்திரி டிக்ஷனரியைப் புரட்டினேன். (தூக்கம் வர அதைவிட நல்ல மருந்து கிடையாது!) பார்த்தால், தூக்கத்துக்கு ஒரு மாடிப்படியே கட்டி வைத்திருக்கிறான்.

முதல் படி, ஸ்லீப்பி. கொட்டாவி வருகிறது, அவ்வளவுதான். அடுத்தது ட்ரௌஸி. கண் செருகும், மூளை மந்தமாகும், பாதி உலகம் மறையும். அதற்கும் அடுத்தது, டோஸ் ஆஃப். நம்மை அறியாமல் தலை 'டொக்'கென்று சாய்வது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தோளில் சாய்கிறோமே, அதேதான். கடைசிப் படி அஸ்லீப். கால் மரத்துப் போனால்கூட 'மை ஃபுட் இஸ் அஸ்லீப்' என்பார்கள். கொடுத்து வைத்த கால்!

தெரிந்தே போடும் குட்டித்தூக்கம், நாப். ஸ்பெயின்காரர்களின் மதியத் தூக்கம் சியஸ்டா. லத்தீனில் 'ஆறாவது மணி', அதாவது நடுப்பகல் என்பதிலிருந்து வந்த பெயர். 1956-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 'ஸ்நூஸ்' வசதியோடு அலாரம் கடிகாரம் கொண்டு வந்தது. நாம் ஆபீஸுக்கு லேட்டாக வருவதற்கு அவர்களும் ஒரு காரணம்!

டயர்ட் வேறு, ஸ்லீப்பி வேறு. மூட்டை தூக்கினவன் டயர்ட். செகண்ட் ஷோ பார்த்தவன் ஸ்லீப்பி. முன்னவனுக்கு ஒரு நாற்காலி போதும், பின்னவனுக்குத் தலையணை வேண்டும்.

இதெல்லாம் தமாஷ். ஆனால் இந்த வார்த்தைகளில் ஒன்று என்னைக் கொல்லப் பார்த்தது.

போன மழைக்காலத்தில் ஜலதோஷம். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அட்டையில் பொடி எழுத்தில் 'மே காஸ் ட்ரௌஸினஸ்' என்று இருந்தது. 'மயக்கம் வரும்கிறான். கபடி ஆடின உடம்பு, நமக்காவது மயக்கமாவது!' என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கணம்தான்... கண்ணைத் திறந்தால் முன்னால் பஸ்ஸின் பின்பக்கம்! பிரேக் பிடித்ததில் கீழே விழுந்து முழங்கை தேய்ந்தது. அதோடு போச்சு.

டாக்டரிடம் போய், "மயக்கமா இருந்தது சார்" என்றேன்.

"எந்த மயக்கம்? தலை சுத்துச்சா, நினைவு தப்புச்சா, இல்லை கண்ணைச் சொக்குச்சா?" என்றார் அவர்.

அப்போதுதான் புரிந்தது. தமிழில் மூன்றுக்கும் 'மயக்கம்' என்றே சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் தலைசுற்றல் டிஸ்ஸினஸ், நினைவு தப்புவது ஃபெயின்ட்டிங், கண் சொக்குவது ட்ரௌஸினஸ். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருக்கிறது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினின் வேலையை அது தடுத்துவிடுகிறது. கபடி ஆடின உடம்பெல்லாம் அதற்குக் கணக்கில்லை. அதோடு மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் 3 விநாடி கண்ணயர்ந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் ஆளில்லாமல் ஓடுகிறது! ஆகவே, அட்டையில் 'ட்ரௌஸி' என்று கண்டால், அன்றைக்கு ஸ்கூட்டர் வேண்டாம். பஸ்ஸில் போங்கள். பக்கத்து சீட்காரர் தோள் இருக்கவே இருக்கிறது.

நேற்று மதியம் மேனேஜர் ரூமுக்குள் போனேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"சார்... ஸ்லீப்பியா, ட்ரௌஸியா?" என்றேன்.

"திங்கிங்யா!" என்றார், கண்ணைத் திறக்காமலே.

இந்த அர்த்தம் மட்டும் என் டிக்ஷனரியில் இல்லை!