உங்களுக்குத் தெரியுமா? படகோட்டி வலப்புறம் அமர்வதன் காரணம்

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னைக்காயலிலும், திருநெல்வேலிக் கடற்கரையின் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை ஆகிய ஊர்களிலும் மீனவர் செலுத்தும் ஃபைபர் படகுகளில், பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினே உந்துவிசையையும் திசையையும் ஒருங்கே தருவதால், தனிச் சுக்கான் தேவைப்படுவதில்லை.

இவ்வகைச் சிறு எஞ்சின்களின் கைப்பிடித் தண்டை இடக்கையால் பற்றி, பின்பகுதியில் வலப்புறம் அமர்வதே பொதுவாக ஏற்ற முறையாகும். பின்னிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் விசிறி, எதிர்விளைவாகப் படகை இடப்புறம் சாய்க்க முனைய, ஓட்டுபவரின் எடை அச்சாய்வை ஓரளவு ஈடுசெய்கிறது. மேலும், குறுக்கிடும் இரு இயந்திரக் கலங்களுள் மற்றதைத் தன் வலப்புறத்தில் காண்பதே விலகிச் செல்ல வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளுள் 15ஆம் விதி கூறுவதால், வலப்பக்கம் தடையின்றித் தெரிவது பெரும் நன்மையாகும்.

ஆயினும் எடைப் பங்கீடே யாவற்றினும் முதன்மையானது. ஒருவர் மட்டும் பின்கோடியில் அமர்ந்தால், எஞ்சினின் எடையும் சேர்ந்து அணியம், அதாவது படகின் முன்முனை, உயர்ந்து எதிரிலுள்ளதை மறைக்கும். ஆற்றுமுகத்தின் மணல்திட்டுகளுக்கும் உடையும் அலைகளுக்கும் இடையே அது உயிருக்கே இடராகலாம். அந்நிலையில் சுமையை முன்னே நகர்த்துவதும், நீட்டுத்தண்டு பொருத்தி நடுப்பகுதியை நெருங்கி அமர்வதும் உதவும். விளிம்பின்மேல் அமர்வதோ முற்றிலும் தவிர்க்கத்தக்கது. திடீர்த் திருப்பத்தில் ஓட்டுபவர் நீரில் விழுந்தால், ஆளில்லாப் படகு வட்டமிட்டு அவர்மீதே பாயக்கூடும் என்பதனாலேயே, உடலில் பிணைத்த கயிறு இழுபட்டதும் எஞ்சினை நிறுத்தும் விசை அமைக்கப்படுகிறது.