கைப்பேசியில் பூட்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு



பூட்ஸ் வாங்குவதைப் பற்றிச் சுகாதாரப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தோட்ட ஆஸ்பத்திரியில் காலையில் மருந்து கட்ட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு நாள் வந்து பாருங்கள். குதிகாலில் கொப்புளம், கறுத்துப்போன பெருவிரல் நகம், சுண்டுவிரல் ஓரத்தில் கால் ஆணி, விரலிடுக்கில் சேற்றுப்புண். இவற்றில் பல, மலையில் பட்ட அடியல்ல. காலில் போட்டிருக்கும் பூட்ஸ் செய்த வேலை. "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டால், "போன்லதான் ஐயா. ஆஃபர் போட்டிருந்தாங்க, மகன் எடுத்துக் குடுத்தான்" என்று பதில் வருகிறது.

கைப்பேசியில் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ இறங்கிப் போக ஒரு ஓய்வு நாள் செலவாகிறது, வண்டிக் காசும் ஆகிறது. போனில் 10 வெள்ளி குறைவாகக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் சட்டை வாங்குவதும் பூட்ஸ் வாங்குவதும் ஒன்றல்ல. சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் நோய் வராது.

பூட்ஸ் நமக்குச் சும்மா வந்த பொருளும் அல்ல. மலாயாத் தோட்டங்களில் வெறுங்காலோடு வேலை செய்த நம் முன்னோர்களைக் கொக்கிப்புழு எப்படி வாட்டியது என்பது பழையவர்களுக்குத் தெரியும். ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பீஜித் தீவுகளில் இந்த நோயைத்தான் ஆராய்ந்தது. இன்று அட்டை, முள், கவாத்து வெட்டிய குச்சி, எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து வரும் காய்ச்சல் ஆகிய இத்தனைக்கும் நடுவில் பூட்ஸ்தான் வேலி. ஆனால் காலைப் புண்ணாக்கும் பூட்ஸ் வேலியைத் தானே பிரித்துவிடுகிறது. உடைந்த கொப்புளத்தின் வழியாக அந்த எலிக்காய்ச்சல் கிருமி தாராளமாக உள்ளே போகும்.

நம் மலையின் சரிவை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். சமதரையில் நடக்கும்போது சரியாக இருக்கும் பூட்ஸ், கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சரியாக இருக்காது. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தை முன்னால் தள்ளுகிறது. பூட்ஸ் ஒரு விரல் பருமன் குட்டையாக இருந்தாலும், ஒவ்வோர் அடியிலும் பெருவிரல் முனையில் போய் இடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டி, நகம் கறுத்து, கடைசியில் கழன்று விழுகிறது. ஏறும்போது கதை வேறு. பூட்ஸ் பெரிதாக இருந்தால் குதிகால் மேலும் கீழும் வழுக்கித் தோல் உரிகிறது. ரப்பர் பூட்ஸுக்கு இறுக்கிக் கட்டக் கயிறும் கிடையாது. ஆகவே குதிகாலும் கணுக்காலும் ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்திருக்க வேண்டும்.

இனி அந்த எண் விவகாரத்துக்கு வருவோம். "நான் எப்பவும் 8தான் ஐயா போடுவேன், இதுவும் 8தான், ஆனா கடிக்குது" என்கிறார்கள். எந்த ஊர் 8 என்று பார்த்தீர்களா? ஆங்கிலேயர் கணக்கு, அமெரிக்கர் கணக்கு, ஐரோப்பியர் கணக்கு என்று மூன்றும் வேறுவேறு. ஆங்கிலேயக் கணக்கு பார்லி தானியத்தின் நீளத்தை வைத்துப் போட்டது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். (நாம் 2026லும் பார்லி அரிசியை வைத்துத்தான் காலை அளந்துகொண்டிருக்கிறோம்!) ஐரோப்பியக் கணக்கில் ஓர் எண்ணுக்குச் சுமார் ஆறே முக்கால் மில்லிமீட்டர். யூ.கே. 8 என்பது இ.யூ. 42க்குச் சமம். யூ.எஸ். ஆண்கள் கணக்கில் அதே பூட்ஸ் சுமார் 9 ஆகிவிடும். பெண்களுக்கு இன்னும் குழப்பம்: அமெரிக்கப் பெண்கள் கணக்கில் 8 என்றால், ஆங்கிலேயக் கணக்கில் சுமார் 6தான். விளம்பரத்தில் வெறும் 8 என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒன்றுமே சொல்லாத எண். சில வியாபாரிகள் 250, 260 என்று போடுகிறார்கள். அது பாதத்தின் நீளம், மில்லிமீட்டரில். என்னைக் கேட்டால் அதுதான் நாணயமான எண்.

ஆகவே எண்ணை மறந்துவிட்டுக் காலை அளந்துகொள்ளுங்கள். மாலையில், வேலை முடிந்து வந்த பிறகு அளக்க வேண்டும்; நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் காலுறையைப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகத் தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் அளவு குறையும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, மிக நீளமான விரல் எதுவோ அதன் முனையில் கோடு போடச் சொல்லுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பிறகு பாதத்தின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் கோடு. இரண்டு காலையும் அளங்கள். யாருக்கும் இரண்டு காலும் அச்சாக ஒரே அளவு இராது. பெரிய காலின் அளவைத்தான் எடுக்க வேண்டும்.

வியாபாரி கொடுக்கும் அளவுப் பட்டியலில் இருப்பது பாதத்தின் நீளமா, பூட்ஸின் உள்நீளமா என்று கட்டாயம் பாருங்கள். பாத நீளம் என்றால் உங்கள் அளவுக்கு நேரே உள்ள எண்ணை எடுக்கலாம். உள்நீளம் என்றால் உங்கள் அளவைவிட 1 முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதை எடுங்கள். எது என்று எழுதவில்லையா? வியாபாரிக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். ரப்பர் பூட்ஸில் அரை எண் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இரண்டு எண்ணுக்கு நடுவில் உங்கள் கால் இருந்தால் பெரியதை எடுத்து, கனமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அகலத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் இராது. சிறு வயதிலிருந்து சிலிப்பர் மட்டும் போட்டு வளர்ந்த நம்மவர்களின் பாதம், விரல் பக்கத்தில் நன்றாக விரிந்திருக்கும். பெண்கள் பலர் ஆண்களுக்குச் செய்த பூட்ஸில் சின்ன எண்ணைத் தேடி வாங்குகிறார்கள். அது குதிகாலில் தொளதொளக்கும், கெண்டைக்காலில் பிடிக்கும். "போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்லும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. தோல் சப்பாத்து அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் எதிலும் இளகாது. இரும்பு முனை வைத்ததோ சொல்லவே வேண்டாம். அந்த இரும்பு, ஐ.எஸ்.ஓ. 20345 என்ற தரத்தின்படி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டியது. உங்கள் சுண்டுவிரலுக்காக அது வளைந்து கொடுக்குமா? விளம்பரத்தில் 'சேஃப்டி' என்று போட்டுவிட்டு, பூட்ஸில் அந்தத் தர எண் அச்சிடப்படாமல் இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

படத்தில் பார்த்து அறிய முடியாத இன்னொன்று பூட்ஸின் வயது. சில சப்பாத்துகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. லேசாகவும் மெத்தென்றும் இருக்கும். ஆனால் ஈரமும் வெக்கையும் உள்ள கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தால், போடாமலே உள்ளுக்குள் உளுத்துப் போய்விடும். பாதி விலைக்கு விற்கும் பழைய சரக்கில் இது நடக்கிறது. பார்க்கப் புத்தம் புதுசாக இருக்கும். மலையில் நாலு நாள் நடந்ததும் அடி துண்டு துண்டாகப் பெயரும், சரிவில் ஆளையும் தள்ளிவிடும். பல சப்பாத்துகளின் அடியில் கடிகாரம் போன்ற ஒரு வட்டத்துக்குள் செய்த மாதமும் வருடமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து ஏமாற வேண்டாம். "சீக்கிரம் வந்தது, நன்றி" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அது லாரி டிரைவருக்குக் கொடுத்த சர்டிபிகேட். மூன்று மாதம் போட்டவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

பார்சல் வந்ததும் அவசரப்பட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஷாப்பி போன்ற ஆப்களில் அதை அழுத்தும் வரை உங்கள் பணம் வியாபாரி கைக்குப் போவதில்லை. ஆனால் அதற்கும் நாள் கணக்கு உண்டு. பார்சல் ஆபீசிலோ கடையிலோ கிடந்து, ஒரு வாரம் கழித்து உங்கள் கைக்கு வந்தால் திருப்பி அனுப்பும் நாள் ஓடிவிடும். வந்த அன்று மாலையே, வீட்டுக்குள், அடியில் அழுக்குப் படாமல் பேப்பர் விரித்துப் போட்டுப் பாருங்கள். பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். குந்தி எழுந்து பாருங்கள். படிக்கட்டில் பேப்பரைப் போட்டு இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த பூட்ஸ் வேண்டாம். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்துக்கு வெளியே பிதுங்கினால் அகலம் போதாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும். 2019இல் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயதுவந்தோர் 100 பேரில் சுமார் 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே 100க்கு 31 பேர். பல வருடம் இனிப்பு நீர் இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகிறது. மரத்த காலுக்குத் தளர்வான சப்பாத்து 'பிடிக்கவே இல்லை' என்று தோன்றும். ஆகவே அவர்கள் தேடித் தேடி இறுக்கமானதையே வாங்குகிறார்கள், அதுதான் சரியாக இருப்பதாகவும் நினைக்கிறார்கள். உள்ளே கொப்புளம் உடைந்து சீழ் பிடித்தாலும் வலி தெரியாது. காலுறையில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் புண் எலும்புவரை போயிருந்தால் விரலை எடுக்க வேண்டிய நிலை வருகிறது. 60 வெள்ளி பூட்ஸில் 10 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு விரலை இழப்பது என்ன கணக்கு? உங்களுக்குக் கால் மரத்திருந்தால் போனில் வாங்கவே வேண்டாம். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ கடைக்குப் போய், மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்கள் காலின் உணர்வை நம்பாமல், பாதத்தை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய் பூட்ஸுக்குள் விட்டுப் பாருங்கள். அட்டை மடங்கினால் உங்கள் விரலும் உள்ளே மடங்கும். தினமும் பூட்ஸைப் போடுமுன் கையை விட்டுத் துழாவி, கல், ஆணி, மடிப்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த பூட்ஸை நீங்கள் ஏன் சொந்தக் காசில் வாங்குகிறீர்கள்? 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் தொழிலாளியின் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்கு முதலாளி காசு வசூலிக்கக் கூடாது. மருந்து அடிக்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். (மருந்து அடிக்கும்போது காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பாதத்துக்குத்தான் போகும்.) உங்கள் தோட்டத்தில் என்ன நடைமுறை என்று தோட்டக் கமிட்டியில் கேளுங்கள். ஸ்டோரில் பூட்ஸ் கொடுக்கும் இடங்களிலும் "8ஆ 9ஆ?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வார்கள், நீங்கள் சென்டிமீட்டர் அளவை எழுதிக் கொடுங்கள்.

சொந்தமாகப் போனில் வாங்கி, வியாபாரி மாற்றித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ஆனால் வியாபாரி வெளிநாட்டில் இருந்தால் அவரைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே வாங்குமுன் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். விளம்பரப் படம், நீங்கள் அனுப்பிய செய்திகள், ரசீது எல்லாவற்றையும் போனில் சேமித்து வையுங்கள்.

புது பூட்ஸ் சரியாக அமைந்தாலும் முதல் நாளே எட்டு மணி நேரம் போட வேண்டாம். முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டு, கழற்றிப் பாதத்தைப் பார்த்து, சிவந்த இடம் இல்லையென்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். அதுவரை பழையதையும் கையோடு வைத்திருங்கள். அது அடிடாஸ் கம்போங்காக இருந்தாலும் பரவாயில்லை; பெயர்தான் பெரிய கம்பெனி, சாமான் நம் ஊர் ரப்பர் சப்பாத்து. அளவு சரியாக இருந்தால் காலைக் கடிக்காது.