பழைய கார் ரேஸும் ஐம்பதைத் தொட்ட அப்பாவும்

கார் ரேஸ் வீடியோ கேமுக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அட்டாரி நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த ‘கிரான் டிராக் 10’ ஆர்கேட் இயந்திரத்தில் ஸ்டீயரிங், கியர், மிதிகள் எல்லாம் இருந்தன. திரையில் தெரிந்ததோ புள்ளிகளால் வரம்பு கட்டிய கறுப்பு வெள்ளைத் தடம் ஒன்றுதான். 1982-ல் நாம்கோவின் ‘போல் பொசிஷன்’ வந்தது. ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தில், காருக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் சாலை விரிந்தது. 1986-ல் செகாவின் யூ சுசுகி உருவாக்கிய ‘அவுட் ரன்’ சிவப்பு ஃபெராரி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இடமா வலமா என்று கேட்டது. மொத்தம் 15 கட்டங்கள். ஒரு ஆட்டத்தில் ஓட்ட முடிந்தது 5 மட்டுமே.

போல் பொசிஷனிலும் அவுட் ரன்னிலும் உண்மையான முப்பரிமாணம் கிடையாது. திரையில் சாலையை மெல்லிய கிடைக்கோடுகளாக அடுக்கி, கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வரைந்தார்கள். கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் தள்ளினால் வளைவு வந்துவிடும். ஓரத்து மரத்தைச் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே வந்தால் கார் முன்னே பாய்வதாகக் கண் நம்பிவிடும். சாலை உலகத்தை முழுதாகக் கணக்கிட்டு வரையும் முறை 1992-ன் ‘விர்ச்சுவா ரேசிங்’, 1993-ன் ‘ரிட்ஜ் ரேசர்’ போன்றவற்றோடு பரவியது.

தொண்ணூறுகளில் இவை புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தன. ஜப்பானின் நின்டெண்டோ ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் அப்போது இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. வீட்டில் அதற்குப் பெயர் ‘டிவி கேம்’, உள்ளே செருகுவதற்குப் பெயர் ‘கேசட்’. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சிட்டிருக்கும். பட்டியலில் இறங்கிப் பார்த்தால் ஒரு கைப்பிடி கேம்களே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்தில் தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். நின்டெண்டோ 1984-ல் வெளியிட்ட ‘எஃப்1 ரேஸ்’ அந்தக் கைப்பிடியில் ஒன்று. ஃபேமிகாமுக்கு எழுதப்பட்ட அந்தக் கேம் ஜப்பானுக்கு வெளியே முறைப்படி விற்கப்படவே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் புதுச்சேரிப் பிள்ளைகளும் அதை நகல் கேசட்டில் ஆடித் தீர்த்தார்கள்.

புதுச்சேரிக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1962-ல் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சி மாற்றம் சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே வாங்கிய கன்சோலைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தால் இங்கே ஒரு சிக்கல். பிரான்ஸில் டிவியோடு இணைக்க ‘ஸ்கார்ட்’ என்ற 21 முனைச் செருகி பயன்பட்டது. இந்திய டிவிகளில் அதற்கு இடமே இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் கிடைத்தால்தான் ஆட்டம்.

எந்த வழியில் வந்தாலும் கார் ஜப்பானில் ஓடிய வேகத்தில் இங்கே ஓடவில்லை. அதற்குக் காரணம் டிவி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியாவிலும் பிரான்ஸிலும் 50 முறை. 60-க்குக் கணக்கிட்டு எழுதிய பல கேம்கள் 50-ல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். அன்றைக்கு யாருக்கும் இது தெரியாது. இன்று அதே கேமைக் கணினியில் மூல வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் அப்பாவுக்குக் கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பாய்வதுபோல் தோன்றினால், வயதின் மேல் மட்டும் பழி போட வேண்டியதில்லை.

அந்தக் காலக் கேம்களில் கோனாமியின் ‘ரோடு ஃபைட்டர்’ ஒன்றைக் கூர்ந்து பார்த்தாலே, இவை ஏன் கையை விட்டுப் போவதில்லை என்பது விளங்கும். 1984-ல் ஆர்கேடுக்கும், அடுத்த ஆண்டு ஃபேமிகாமுக்கும் வந்தது. சாலையை மேலிருந்து பார்க்கிறோம். சிவப்புக் கார் கீழிருந்து மேலே போகிறது. ஃபேமிகாமில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் மணிக்கு 224 கிலோமீட்டர் வரை, இன்னொன்றை அழுத்தினால் 400 வரை. உயிர்க் கணக்கு கிடையாது. இருப்பது பெட்ரோல் மட்டும். அது குறைந்துகொண்டே வரும். பல நிறத்தில் மின்னிக்கொண்டு போகும் ஒரு காரைத் தொட்டால் கொஞ்சம் பெட்ரோல் ஏறும். மற்ற கார் உரசினால் நம் கார் உடனே வெடிக்காது, வழுக்கும். அந்த ஒரு நொடியில் திருப்பத் தெரிந்தவர் தப்பிப்பார், பதறியவர் ஓரத்துச் சுவரில் மோதுவார். லாரியில் மோதினால் தப்பவே வழியில்லை. விதிகள் இவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். சாலை எங்கே குறுகும், எங்கே வளையும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றேதான்.

அடுத்த அலை கணினியோடு வந்தது. ‘தி நீட் ஃபார் ஸ்பீட்’ 1994-ல், அமெரிக்காவின் ‘ரோடு அண்ட் டிராக்’ கார் பத்திரிகையின் துணையோடு முதலில் கன்சோலில் வெளியாகி, அடுத்த ஆண்டு கணினிக்கு வந்தது. உண்மையான கார்களின் நடத்தையையும் ஒலியையும் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். பைக் பந்தயமான ‘ரோடு ரேஷ்’ 1996-ல் கணினிக்கு வந்து, பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் குடியேறியது. 2005-ல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’ இன்னும் ஆழமாக வேரூன்றியது. ராக்போர்ட் என்ற கற்பனை நகரம், வீழ்த்த வேண்டிய 15 போட்டியாளர்கள், கதையின் தொடக்கத்திலேயே பறிபோகும் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர். துரத்தும் போலீஸிடமிருந்து தப்ப, டோனட் கடையின் ராட்சத வளையத்தைத் தாங்கும் கால்களை இடித்தால், அது பின்னால் வரும் வண்டிகளின் மேல் விழும். அந்த இடம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது அன்று ஆடியவர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனிச் சுவை ஒன்று உண்டு. வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்தவர் பலர் தங்கள் சொகுசுக் கார்களை இங்கே பதிவு செய்தார்கள். 2017-ல் கேரள அரசு இதை விசாரிக்கத் தொடங்கி, அது பெரிய செய்தியானது. ‘பிஒய்’ எண் தாங்கிய விலையுயர்ந்த கார்கள் கொச்சியில் ஓடின. மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிய ஊர்க்காரருக்கு அந்த ரகக் காரின் ஸ்டீயரிங் கிடைத்தது கீபோர்டின் அம்புக்குறிகளில்தான்.

புதிய கேம்கள் குவிந்துகிடக்கும்போது பெற்றோர் பழையதையே தேடுவதற்கு நினைவின் இனிமை மட்டும் காரணமல்ல. கையின் வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது. கனடா ஆராய்ச்சியாளர்கள் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டங்களை அலசி 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். திரையில் புதிதாக ஒன்று தெரிந்ததும் செயல்படும் வேகம் 24 வயதை ஒட்டியே இறங்கத் தொடங்குவதை அது காட்டியது. வயதில் மூத்தவர்கள் ஆட்டத்தை எளிதாக்கும் வழிகளைக் கையாண்டு அதை ஈடுகட்டுவதாகவும் தெரிந்தது. பழைய கார் ரேஸ் அந்த ஈடுகட்டலுக்குத் தோதானது. தடம் மாறுவதில்லை. வளைவு கண்ணில் படும் முன்பே வரப்போவது தெரிந்தவருக்குப் பதினைந்து வயதுக்காரரின் விரல் வேகம் தேவையில்லை. மகன் பார்த்துத் திருப்புகிறான். அப்பா தெரிந்து திருப்புகிறார்.

கண்ணும் ஒரு காரணம். நாற்பதைக் கடந்ததும் வெள்ளெழுத்து தொடங்கும். கிட்டத்தில் இருப்பது மங்கும். செல்போனில் ரேஸ் ஓட்ட மூக்குக்கண்ணாடி வேண்டும். கூடத்தில் ஏழெட்டு அடி தள்ளி இருக்கும் டிவிக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. பழைய கேம்களின் பெரிய, தட்டையான உருவங்கள் இதற்கு இன்னும் வசதி. ஒரு ஆட்டம் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் எழுந்து போகலாம். இடையில் விளம்பரம் வராது, காருக்குச் சக்கரம் வாங்கப் பணமும் கேட்காது.

கார் ஓட்டும் கேம் முதியவர்களின் மூளைக்கு உதவுமா என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடம் கசாலியின் குழு ‘நியூரோரேசர்’ என்ற கேமை உருவாக்கியது. வளைந்து செல்லும் சாலையில் காரைத் தடத்தில் வைத்திருக்க வேண்டும். அதே நேரம் குறிப்பிட்ட நிறமும் வடிவமும் கொண்ட குறி தோன்றினால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 60 முதல் 85 வயதுக்காரர்கள் ஒரு மாதத்தில் 12 மணி நேரம் ஆடினார்கள். பயிற்சி பெறாத 20 வயதுக்காரர்களைவிட நன்றாக இரு வேலைகளையும் ஒருசேரச் சமாளித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறன் நிலைத்தது. 2013-ல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. ஆனால் நியூரோரேசர், ஆடுபவரின் திறனுக்கேற்பக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆய்வுக்கூடக் கருவி. கடையில் வாங்கிய பழைய கேசட்டுக்கும் அதே பலன் உண்டென்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

குடும்ப உறவில் பலன் உண்டா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு 287 குடும்பங்களைப் பார்த்தது. வயதுக்கேற்ற கேம்களைப் பெற்றோரோடு சேர்ந்து ஆடிய பெண் பிள்ளைகளிடம் குடும்ப ஒட்டுதல் கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆய்வாளர்களே இது காரணம்-விளைவு என்று உறுதியாகச் சொல்லவில்லை.

கார் ரேஸில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் உட்காராமலேயே போட்டியிடலாம். ‘கோஸ்ட்’ என்ற வசதிதான் அதற்கு வழி. ஒருவர் ஒரு சுற்றை ஓட்டி முடித்ததும் கேம் அந்த ஓட்டத்தைச் சேமித்துவைக்கும். அடுத்தவர் ஓட்டும்போது அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் காராகப் பக்கத்தில் ஓடும், மோதினாலும் தட்டாது. 1989-ன் ‘ஹார்ட் டிரைவின்’, 1992-ன் ‘சூப்பர் மாரியோ கார்ட்’ ஆகியவற்றிலேயே இதன் வடிவங்கள் இருந்தன. சேமித்த நேரத்தை முறியடித்தால் பழைய கோஸ்ட் அழிந்து புதியது பதியும். 2014-ல் ஓர் இளைஞர் பொதுவெளியில் பகிர்ந்த அனுபவம் இதனால்தான் உலகெங்கும் பேசப்பட்டது. ஆறு வயதில் தந்தையை இழந்த அவர், பத்தாண்டு கழித்துப் பழைய எக்ஸ்பாக்ஸை எடுத்து, 2002-ல் வந்த ‘ராலிஸ்போர்ட் சாலஞ்ச்’ கேமைப் போட்டிருக்கிறார். தந்தையின் சிறந்த ஓட்டம் கோஸ்டாக அதில் இருந்தது. பழகிப் பழகி ஒருநாள் அதை முந்தினார். முடிவுக் கோட்டின் முன் வந்ததும், பதிவு அழியாதிருக்க, காரை நிறுத்திவிட்டார்.

பழைய கேமை இன்று ஓட்ட நினைப்பவருக்கு மூன்று தடைகள். முதலாவது டிவி. பழைய குழாய் டிவியில் பொத்தானை அழுத்தியதும் கார் திரும்பும். இன்றைய தட்டை டிவி, பழைய கன்சோலின் படத்தைத் தன் அளவுக்கு மாற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. கார் தாமதமாகத் திரும்பும். டிவி அமைப்பில் ‘கேம் மோடு’ இருந்தால் அதைப் போடுவது நல்லது. இரண்டாவது, டிஸ்க்கின் பூட்டு. மோஸ்ட் வான்டட் உள்ளிட்ட அந்தக் காலக் கேம்கள் பலவற்றில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற திருட்டுத் தடுப்பு முறை உண்டு. பாதுகாப்புக் குறை இருந்ததால் 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கும் புது லேப்டாப்பில் திறக்காது. பழைய விண்டோஸ் உள்ள கணினி ஒன்றை இணைய இணைப்பின்றி இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, உரிமம். கார் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தத் தயாரிப்பாளர்கள் தரும் அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. ஃபெராரி உரிமம் முடிந்ததும் ‘அவுட் ரன் ஆன்லைன் ஆர்கேட்’ இணையக் கடைகளிலிருந்து நீங்கியது. 2021-ல் ‘கார்பன்’, ‘ஷிஃப்ட்’, ‘தி ரன்’ உள்ளிட்ட நீட் ஃபார் ஸ்பீட் கேம்களின் இணைய விற்பனையும் நின்றது. ஆகவே வீட்டுப் பரணில் கிடக்கும் டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

கேமின் வேகம் சாலைக்கு வரக்கூடாது என்பதும் சொல்ல வேண்டியதே. சாலைவிதி மீறலைச் சாகசமாகக் காட்டும் ரேஸ் கேம்களை ஆடியவுடன், ஆபத்தான ஓட்டத்தை நோக்கி மனம் சாய்வதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2007-ல் பதிவுசெய்தார்கள். அதனால் ஆடி முடித்த கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விரட்டக் கிளம்பாமல் சற்று ஆறப்போடுவது உத்தமம். திரையின் அசைவால் தலைசுற்றல் வந்தால் ஓட்டுநர் இருக்கைப் பார்வையை விட்டு, காரின் பின்பக்கம் தெரியும் பார்வைக்கு மாறலாம். புதிதாகத் தொடங்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ரோடு ஃபைட்டர், அவுட் ரன் போல இரண்டு மூன்று பொத்தானில் அடங்குபவை ஏற்றவை. கியர் மாற்றிப் பழக விரும்புவோருக்கு 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ இருக்கிறது. அதில் ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் பெரிய பந்தயங்கள் திறக்கும்.